கட்டங்களுக்குள் கண்ணன்

1967-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். தில்லியில் ஒரு கடையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் முப்பத்தேழு வயது நிரம்பிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தொலைக்காட்சி என்பது அன்று தில்லிக்கு மட்டுமே வாய்த்திருந்த புதுமை. சென்னை மக்கள் அதற்காக 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையில் மாணவர்கள் பங்குபெற்ற வினாடி வினா நிகழ்ச்சி. கிரேக்க நாட்டுப் புராணங்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொன்னார்கள். அடுத்து வந்தது மிக எளிய கேள்வி: ராமபிரானின் தாயார் பெயர் என்ன? ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைய பார்வையாளர்களில் பலர் உச்சுக்கொட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அந்த ஒருவர் அப்படிப் போகவில்லை. அவர் பெயர் அனந்த் பை. 'அமர் சித்ர கதா' என்ற பெயரில் நானூறுக்கும் மேற்பட்ட சித்திரக்கதை நூல்கள் பின்னாளில் வெளிவருவதற்கு அந்த ஒரு நிமிட மௌனமே வித்தாயிற்று. இன்று பேரன் பேத்திகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் பெரியவர்களில் பலர், தம் பிள்ளைகளுக்கு இரயில் நிலையப் புத்தகக் கடைகளில் அந்த வண்ண நூல்களை வாங்கிக் கொடுத்தவர்களே.

அனந்த் பை கர்நாடக மாநிலத்துக் கார்க்களவில் 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று பிறந்தவர். இரண்டு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். பன்னிரண்டு வயதில் பம்பாய் வந்து சேர்ந்து, வேதியியல் தொழில்நுட்பம் கற்றார். படித்த படிப்புக்கு ஏற்ற உத்தியோகம் எளிதில் கிடைத்திருக்கும். ஆனால் மனம் அச்சு மையின் பக்கம் சாய்ந்திருந்தது. 1954-இல் 'மானவ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கிப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. பிறகு 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தின் நூல் வெளியீட்டுப் பிரிவில் பணி. அங்கே 1964-இல் தொடங்கப்பட்ட 'இந்திரஜால் காமிக்ஸ்' வரிசையில் அவருடைய பங்கு உண்டு. அதன் கதாநாயகன் ஃபாண்டம் என்னும் முகமூடி வீரன். ஆப்பிரிக்கக் காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் அந்த வெள்ளைக்கார வீரனை இந்தியப் பிள்ளைகள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடினார்கள். படக்கதை என்ற சாதனத்துக்கு உள்ள வலிமையை அனந்த் பை அங்கே கண்கூடாகக் கண்டிருந்தார். அந்தச் சாதனத்தில் ஏற்றிவைக்க வேண்டிய சரக்கு எது என்பதைத் தில்லித் தொலைக்காட்சி அவருக்குக் காட்டிக் கொடுத்தது.

மாதம் பிறந்தால் சம்பளம் தரும் வேலையை அவர் உதறினார். பல பதிப்பாளர்கள் கையை விரித்தார்கள். புராணக் கதையைப் படக்கதையாகப் போட்டால் யார் வாங்குவார்கள் என்பதே அவர்கள் கேள்வி. இறுதியில் இந்தியா புக் ஹவுஸ் நிறுவனம் இசைந்தது. அதன் பெங்களூர்க் கிளை ஏற்கனவே அமர் சித்ர கதா என்ற பெயரில் மேலைநாட்டுக் குழந்தைக் கதைகள் பத்தைக் கன்னடத்தில் வெளியிட்டிருந்தது. ஆகவே அனந்த் பை எழுதி, ராம் வாயிர்க்கர் சித்திரம் தீட்டிய 'கிருஷ்ணா' பதினோராம் எண்ணைத் தாங்கி வெளிவந்தது. முதல் பத்து இடங்களைச் சின்ட்ரெல்லா போன்றவர்கள் பிடித்துக்கொள்ள, தேவகி மைந்தன் பதினோராவதாக வந்து நிற்கவேண்டியிருந்தது! பிறந்த இரவே கோகுலத்துக்கு இடம் மாறியவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்ன?

தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. படக்கதை படிக்கும் பிள்ளை பாடம் படிக்காது என்பது அன்றைய ஆசிரியர்களின் உறுதியான எண்ணம். பள்ளிப் பைக்குள் அத்தகைய நூல் அகப்பட்டால் பிரம்படி நிச்சயம். அந்த ஆசிரியர்களின் மனத்தை மாற்றுவதற்கே அனந்த் பை பல ஆண்டுகள் உழைத்தார். ஒவ்வொரு நூலுக்கும் முப்பத்திரண்டு பக்க அளவு என்று வகுத்துக்கொண்டு, எழுத்தாளர், ஓவியர் குழு ஒன்றைத் திரட்டினார். பாகவதமும் இதிகாசங்களும் மட்டுமல்ல; காளிதாசனின் சாகுந்தலம், பாசனின் வாசவதத்தை, சூத்ரகனின் வசந்தசேனை, நம் இளங்கோவடிகளின் கண்ணகி, பங்கிம் சந்திரரின் ஆனந்த மடம் என்று இலக்கியங்களும் கட்டங்களுக்குள் வந்தன. ஆதிசங்கரர், ராமானுஜர், மீராபாய், துளசிதாசர், சத்ரபதி சிவாஜி, ஜான்சி ராணி, ராஜராஜ சோழன், சுப்பிரமணிய பாரதி என்று மண்ணில் வாழ்ந்தவர்களின் சரிதங்களும் வந்தன. மகாபாரதம் மட்டுமே நாற்பத்திரண்டு நூல்களாக விரிந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் விற்ற பிரதிகள் கோடிக்கணக்கு. 1980-இல் அவர் தொடங்கிய 'டிங்கிள்' இதழின் வழியே 'அங்கிள் பை' என்று நாடெங்கும் உள்ள குழந்தைகளுக்கு மாமாவாகவே ஆகிவிட்டார். அந்த இதழில் எல்லோரையும் சிரிக்க வைத்த சுப்பாண்டி தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கதையிலிருந்து போனவன்.

ஆனாலும் வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே வந்திருக்கிறது. அது நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. இருபத்துநாலாயிரம் சுலோகங்களில் வால்மீகி முனிவர் பாடியதை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் கம்பநாட்டாழ்வார் பாடியதை, வண்ணப் படங்களும் பேச்சுக் குமிழ்களுமாகச் சுருக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' தொடராக வந்த நாளில் வாரந்தோறும் காத்திருந்து படித்த தலைமுறைக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது.

இதில் அளவைக் காட்டிலும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பஞ்சவடியில் இராவணன் சீதாபிராட்டியைக் கவர்ந்து செல்லும் கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வால்மீகியில் அவன் பிராட்டியைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பருக்கு அதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அவருடைய காவியத்தில் இராவணன் பர்ணசாலை நின்ற நிலத்தையே பெயர்த்தெடுத்துச் செல்கிறான், தேவியைத் தீண்டுவதில்லை. எல்லோரும் சொல்லும் இலட்சுமணன் கோடோ இவ்விரு நூல்களிலும் இல்லை. அகலிகை கல்லானாள் என்பது கம்பர் வாக்கு. வால்மீகியில் அவள் யார் கண்ணுக்கும் புலப்படாமல் தவத்தில் கிடக்கிறாள். உபந்நியாசம் செய்பவர் இவற்றையெல்லாம் அடுத்தடுத்து எடுத்துச் சொல்லி, இப்படியும் உண்டு, அப்படியும் உண்டு என்று கேட்பவரை இன்புறுத்த முடியும். ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கட்டத்தில் ஒரு காட்சிதான். இராவணனின் கை பிராட்டியின் மேல் படுகிறதா இல்லையா என்பதை அவர் முடிவு செய்தே ஆகவேண்டும். அந்த முடிவு ஒரு குழந்தையின் கண்ணில் ஆயுள் முழுதும் தங்கிவிடும்.

வரலாற்று மாந்தர்களைப் படக்கதையாக்கும்போது வேறொரு இக்கட்டு வருகிறது. ராமானுஜர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி எட்டெழுத்து மந்திரத்தை எல்லோருக்கும் அறிவித்த செய்தியைக் குருபரம்பரை வழியாகப் பெற்றிருக்கிறோம். ராஜராஜன் பெரிய கோயிலுக்கு அளித்த கொடைகள் கல்வெட்டில் பதிந்திருக்கின்றன. ஆனால் அம்மன்னன் தன் தமக்கை குந்தவையிடம் காலைப் பொழுதில் என்ன பேசினான் என்பதற்குக் கல்வெட்டு ஏது? படக்கதை எழுதுபவர் அந்தப் பேச்சைக் கற்பனை செய்தே தீரவேண்டும். கல்வெட்டுச் செய்தி, பரம்பரைச் செய்தி, எழுதியவரின் கற்பனை மூன்றும் ஒரே பேரேட்டில் ஒரே மையில் எழுதப்பட்ட வரவுகளைப்போல் பக்கத்தில் நின்றுவிடுகின்றன. எது எது என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்க அருகில் ஒருவர் இருந்தால் நல்லது.

ஜப்பானில் ஒசாமு தெசுகா என்ற புகழ்பெற்ற சித்திரக்கதை ஆசிரியர் 1972 முதல் 1983 வரை புத்தர்பிரானின் வாழ்க்கையைத் தொடராக வரைந்தார். பல்லாயிரம் உள்ளங்களைக் கனியவைத்த படைப்பு. ஆனால் அதில் வரும் முக்கியமான பாத்திரங்களில் சிலர் தெசுகாவின் மனத்தில் பிறந்தவர்களே. கபிலவஸ்துவை அந்த நூலின் வழியே முதன்முதல் அறிந்த ஒரு ஜப்பானியச் சிறுவன் அவர்களையும் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்று எண்ணினால் அவனைக் குறை சொல்வதற்கில்லை.

அமர் சித்ர கதாவின் மீது ஆய்வாளர்கள் சுமத்திய குற்றங்களும் உண்டு. தேவர்களுக்குச் சிவந்த மேனி, அசுரர்களுக்குக் கறுத்த மேனி என்று வண்ணம் பிரித்தது அவற்றுள் முதன்மையானது. கரிய திருமேனி படைத்தவன் என்று ஆழ்வார்களும் கம்பரும் உருகிப் பாடிய பெருமாளைத் தெய்வமாகக் கொண்ட தேசத்தில் கறுப்பு எப்படி அசுரர்களின் நிறமாயிற்று? இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அந்நூல்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெரியவர்கள் அதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அரசகுலப் பெண்கள் தீப்புகும் காட்சிகளைச் சிறப்பித்துக் காட்டியதும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

இனி, படத்தில் புராணம் சொல்வதே புதுப்பழக்கம் என்று நினைப்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் மறைந்து கிடந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அங்கே ஒரு சுவர் முழுவதும் சுந்தரமூர்த்தி நாயனாரின் சரிதம். கீழே திருமணக் கோலாகலம். அதைத் தடுத்து நிறுத்த, கையில் ஓலையோடு வந்து நிற்கும் கிழவேதியர். வழக்கை விசாரிக்கும் சபை. அதற்கு மேலே வெள்ளை யானையில் சுந்தரரும், குதிரையில் சேரமான் பெருமாளும் விரைகிறார்கள். உச்சியில் கயிலைநாதர் வீற்றிருக்கிறார். ஒரே மனிதர் ஒரே சுவரில் மணமகனாகவும், வழக்காடுபவராகவும், கயிலைக்குச் செல்பவராகவும் மீண்டும் மீண்டும் தோன்றுகிறார். படக்கதையின் இலக்கணம் இதுதானே!

அந்த ஓலை வழக்கு மிகச் சுவையானது. நீ எனக்கு வழிவழி அடிமை என்று கிழவர் ஓலையை நீட்ட, சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழித்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் மூலவோலையை வாங்கிப் பார்த்து, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆவணத்தின் நகலை மட்டும் கையில் கொண்டுபோய், மூலத்தைப் பூட்டிவைத்துவிட்டு வரும் சாமர்த்தியத்தை வங்கிகள் தோன்றுவதற்கு முன்பே சிவபெருமான் அறிந்திருக்கிறார். நினைவில் கொள்ளத்தக்க இன்னொரு செய்தி: இந்த ஓவியம் தீட்டப்பட்டது ராஜராஜன் காலத்தில், சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் பாடியதோ அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் பின்னால். பெரியபுராணத்தில் நாம் படிக்கும் கதை சுவரில் முன்பே படமாகிவிட்டது.

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் இருப்பது புராணம் அன்று, வரலாறு. பல்லவர் குலத்தின் கதையைத் திருமால், பிரமன், அங்கிரசு என்று தொடங்கி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் வழியாகக் கொண்டுவந்து, எட்டாம் நூற்றாண்டில் அக்கோயிலை எழுப்பிய நந்திவர்மன் வரை வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாட்டுக்கு அரசன் இல்லாமற்போன ஒரு நேரம். பல்லவரின் கிளைவழியினரான இரணியவர்மரிடம் பெரியோர்கள் சென்று, அவருடைய புதல்வர்களில் ஒருவரை அனுப்புமாறு வேண்டுகிறார்கள். மூத்த பிள்ளைகள் எங்களால் ஆகாது என்று விலகிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதே ஆன கடைசிப் பிள்ளை நான் போகிறேன் என்று எழுந்து நிற்கிறான். இளம் பிள்ளையை அனுப்பத் தந்தையின் மனம் தயங்குகிறது. இந்தக் காட்சிகளின் கீழே அவற்றை விளக்கும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. படமும் வாசகமும் இணைந்த ஓர் அரசகுமாரனின் வாழ்க்கை வரலாறு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால்! சி. மீனாட்சி அம்மையார் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1941-இல் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்திலும் இதே முறைதான். குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனுக்காகப் போரிட்டு, அதன் பயனாகத் தியாகராசப் பெருமானைப் பூவுலகுக்குக் கொண்டுவந்த கதை பதினேழாம் நூற்றாண்டில் பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டுள்ளது. தீட்டிய சிங்காதனம் என்ற ஓவியர் தம் உருவத்தையும் பெயரையும் ஓரிடத்தில் சேர்த்திருக்கிறார்.

வங்காளத்தில் இந்த மரபு இன்றும் காலால் நடந்துகொண்டிருக்கிறது. மேதினிப்பூர்ப் பகுதியில் பட்டுவா என்றும் சித்திரகார் என்றும் அழைக்கப்படுவோர், நீண்ட சுருளில் வரைந்த படங்களை மெல்ல மெல்ல விரித்து, விரல் வைத்துக் காட்டிக் கதையைப் பாடுவார்கள். அவர்களில் பலர் பிறப்பால் இசுலாமியர்கள். பாடுவதோ ராமாயணமும் மனசா தேவியின் மகிமையும். மொய்னா சித்திரகார் என்ற பெண் கலைஞர் இம்முறையில் தீட்டிய படங்களுக்குச் சம்ஹிதா ஆர்ணி உரைநடை எழுத, சென்னையில் உள்ள தாரா பதிப்பகம் 2011-இல் சீதையின் ராமாயணமாக ஆங்கிலத்தில் அதை வெளியிட்டது. வயிற்றில் கருவோடு காட்டில் விடப்பட்ட சீதாபிராட்டி, தனக்கு அடைக்கலம் தருமாறு வனத்தை வேண்டித் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. வெற்றி முழக்கத்தைவிட, போரில் மாண்டவர்களின் வீட்டுப் பெண்கள் அழுத அழுகை அதில் மிகுதியாகக் கேட்கிறது. பட்டாபிஷேகத்தோடு புத்தகத்தை மூடி வைத்துப் பழகியவர்களுக்கு முதல் வாசிப்பில் மனம் கனக்கும். ஆயினும் வங்காளத்தில் இது புதிய பார்வை இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே சந்திராவதி என்ற கவியரசி சீதையின் துயரை நடுவில் வைத்து ராமகதை பாடியிருக்கிறார். பொம்மைப் புத்தகம் என்று எண்ணிச் சிறு குழந்தையிடம் கொடுத்துவிடத்தக்க நூல் அன்று. பதினாறு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் அருகருகே அமர்ந்து படித்து, பிறகு சற்று நேரம் வாதாட ஏற்றது.

இப்படி வாதாடும் வீடுகளில்தான் படக்கதை முழுப்பயன் தருகிறது. அயல்நாட்டில் வளரும் பேரப்பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்டவும் அறியாமல் விடுமுறைக்கு வருகிறான். அவனிடம் கம்பராமாயணப் பதிப்பை எடுத்து நீட்ட முடியாது. ஆங்கிலப் படக்கதையில் சடாயு சிறகறுந்து விழும் பக்கத்தை அவன் புரட்டும்போது, தாத்தா அதன் தொடர்ச்சியாகப் புள்ளிருக்குவேளூரைச் சொல்லலாம். சடாயு குண்டத்தைக் காட்ட வைத்தீசுவரன் கோயிலுக்கே அழைத்துப் போகலாம். படத்தில் இல்லாத கேள்விகளை அவன் கேட்பான். இராவணன் பத்துத் தலையோடு எப்படி ஒருக்களித்துப் படுப்பான் என்றும் கேட்பான். அதற்கும் ஏதாவது ஒரு விடை சொல்லத்தான் வேண்டும்.

அனந்த் பை 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று மும்பையில் காலமானார். அதற்குச் சில நாள் முன்புதான் தில்லியில் நடந்த முதல் இந்தியச் சித்திரக்கதை விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது அளித்து அவரைப் பெருமைப்படுத்தினார்கள். வினாடி வினாவைப் பார்த்து அவர் மனம் நொந்த அதே தில்லியில்!

கும்பகோணம் சென்று வரும் குடும்பங்கள் அருகிலுள்ள தாராசுரத்துக்கும் போவதுண்டு. இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், கருவறையின் வெளிப்புற அடித்தளத்தில் அறுபத்துமூவர் வரலாறு சிறுசிறு கற்கட்டங்களாகச் சுற்றிவருகிறது. சேக்கிழார் பாடி முடித்துச் சில பத்தாண்டுகளுக்குள் சிற்பிகள் செதுக்கியவை. கட்டங்களின் அருகே நாயனார் பெயர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த எழுத்து நம் கண்ணுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. படித்த பெரியவர்களும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து தடுமாறுகிறார்கள். ஒரு கட்டத்தில் முதலை வாயைத் திறந்திருக்கிறது. அதன் வாயிலிருந்து ஒரு பாலகன் வெளிவருகிறான். அவிநாசியில் முதலை உண்ட பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. எழுத்தறியாத சிறு பிள்ளையும் அந்தக் கட்டத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறது. முதலை ஏன் அந்தப் பையனைக் கடிக்கவில்லை என்று கேட்கிறது.